ஹோல்டம் தெரிந்தவர்களுக்கு ஒமாஹா போக்கர்: முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று நீளும் எல்லை ஊர்களின் தமிழ் வீடுகளில் இருபத்தெட்டு, ரம்மி என்ற சீட்டாட்டங்கள் தெரியாதவர்கள் குறைவு. கோயம்புத்தூருக்குப் படிக்கவும் வேலைக்கும் போய்வரும் இளைஞர்கள் பலர் டெக்ஸாஸ் ஹோல்டமையும் கற்றிருக்கிறார்கள். அவர்கள் அடுத்ததாக ஒமாஹாவைக் கற்க முற்படும்போது, "ஹோல்டம்தான், கையில் இரண்டு சீட்டு கூடுதல், அவ்வளவே" என்று எண்ணிக்கொண்டு உட்காருவதே முதல் இடறல். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது. பிளைண்ட், ஃபிளாப், டர்ன், ரிவர் ஆகியவையும் கைகளின் உயர்வு வரிசையும் ஹோல்டமில் உள்ளவையே என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை.

ஒமாஹா ஆட்டம் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் கோல்டன் நகெட் சூதாட்ட விடுதியில் பரவத் தொடங்கியது. ராபர்ட் டர்னர் என்ற ஆட்டக்காரர் அதை அங்கே மேசைகளுக்குப் பொறுப்பாக இருந்த பில் பாய்டிடம் கொண்டு சென்றதாகப் பதிவாகியிருக்கிறது. இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படுவது, பாட்டில் (நடுவில் சேரும் பந்தயத் தொகையில்) இருப்பதைப் பொறுத்துப் பந்தயத்துக்கு வரம்பு வைக்கும் பாட் லிமிட் ஒமாஹா என்ற வடிவம். இங்கே பேசப்படுவதும் அதுவே.

ஆடுவதற்கு முன் சட்டம்

எல்லை ஊரில் இருப்பவர்கள் "வாளையாறுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம்" என்று பேசுவது வழக்கம். இணைய ஆட்டத்தைப் பொறுத்தவரை சில ஆண்டுகள் அது உண்மையாகவும் இருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு எதிராகக் கேரள அரசு 2021இல் பிறப்பித்த அறிவிக்கையை அந்த மாநில உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது. தமிழ்நாடோ 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை வழங்குவதை நாடு முழுவதும் தடை செய்கிறது. நேரில் ஆடுவதற்குத் தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சட்டமும் கேரளத்தில் 1960ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. ஆகவே பணமில்லாமல் கற்பதே இங்கே சொல்லப்படும் வழி. ஒரு சீட்டுக்கட்டும், ஆளுக்கு இருநூறு புளியங்கொட்டையும் இருந்தால் போதும். ஒமாஹா கணக்கும் பொறுமையும் கேட்கும் ஆட்டம். அவை இரண்டையும் காசு இல்லாமலே முழுமையாகப் பழகலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் படி: கையிலிருந்து சரியாக இரண்டு, பொதுவிலிருந்து சரியாக மூன்று

ஒவ்வொருவருக்கும் நான்கு கைச்சீட்டுகள் தரப்படும். இறுதிக் கையை அமைக்கும்போது அவற்றில் இரண்டையும், மேசையில் விரிந்த ஐந்து பொதுச் சீட்டுகளில் மூன்றையும் எடுக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த வரி எளிமையாகத் தெரிந்தாலும், ஹோல்டமில் பழகிய கண் இதை ஏற்க நாட்கள் ஆகும்.

மேசையில் நான்கு இஸ்பேட் சீட்டுகள் விரிந்திருக்கின்றன, உங்கள் கையில் இஸ்பேட் ஏஸ் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹோல்டமில் அது பிளஷ். ஒமாஹாவில் கையில் இரண்டாவது இஸ்பேட் இல்லாததால் பிளஷ் இல்லை. மேசையில் 10, ஜாக், ராணி, ராஜா, 2 விரிந்து, கையில் ஏஸ், 5, 5, 3 இருந்தால் ஸ்ட்ரெய்ட்டும் இல்லை, ஏனென்றால் மேசையிலிருந்து நான்கு சீட்டுகளை எடுக்க முடியாது. அனுபவமுள்ளவர்களையும் தடுமாறச் செய்யும் எடுத்துக்காட்டு இன்னொன்று உண்டு. மேசையில் ராஜா, ராஜா, 7, 7, 2. உங்கள் கையில் ராஜா, ராணி, ஜாக், 9. ஹோல்டம் கண்ணுக்கு இது ஃபுல் ஹவுஸ். ஒமாஹாவில் கையிலிருந்து ராஜாவோடு இன்னொரு சீட்டையும் எடுத்தாக வேண்டும், மேசையிலிருந்து மூன்றுதான் எடுக்கலாம். ஆகவே கிடைப்பது மூன்று ராஜாக்கள் மட்டுமே. கையில் ஒரு 7 அல்லது 2 கூடவே இருந்திருந்தால்தான் அது ஃபுல் ஹவுஸ்.

இதைப் பழக யாரும் எதிரே இருக்க வேண்டியதில்லை. சீட்டைக் கலைத்து, நான்கை ஒரு பக்கமும் ஐந்தை இன்னொரு பக்கமும் விரித்து, உங்கள் சிறந்த கை எது, அதில் எந்த இரண்டு சீட்டுகள் உங்களுடையவை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, யாரிடமாவது இருக்கக்கூடிய மிக உயர்ந்த கை எது என்பதையும் சொல்லுங்கள். அந்த உச்சக் கையைத்தான் ஆட்டக்காரர்கள் நட்ஸ் என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வரும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஒமாஹாவின் மற்ற எல்லாப் பாடங்களும் இந்தக் கேள்வியின் மீதுதான் நிற்கின்றன.

இரண்டாம் படி: நான்கு சீட்டுகளை ஆறு இரட்டைகளாகப் பார்ப்பது

ஹோல்டமில் தொடக்கக் கைகள் 1,326 விதம், ஒமாஹாவில் 2,70,725. அத்தனையையும் அட்டவணையாக மனப்பாடம் செய்ய முயல்வது வீண் வேலை. அதற்குப் பதிலாக, நான்கு சீட்டுகளுக்குள் ஆறு இரட்டைகள் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து, அந்த ஆறில் எத்தனை உண்மையில் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, ஏஸ், ராஜா, ராணி, 4 என்ற கை ஹோல்டம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும். ஆனால் 4 மற்ற மூன்றோடும் சேர்வதில்லை. ஆறு இரட்டைகளில் மூன்று அந்த ஒரு சீட்டினால் பெரும்பாலும் வீணாகின்றன; எதிரே இருப்பவர் ஆறு இரட்டைகளோடு ஆடும்போது நீங்கள் மூன்றோடு ஆடுகிறீர்கள். ஜாக், 10, 9, 8 என்று தொடர்ச்சியாக, இரண்டு இஸ்பேடும் இரண்டு ஆட்டினுமாக வரும் கையில் ஆறும் வேலை செய்யும். இப்படி இரண்டு கலர்களில் இரண்டிரண்டு சீட்டுகளாக அமைவதை இரட்டைக் கலர் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ச்சியும் இரட்டைக் கலரும் சேர்ந்த கைகள் ஒமாஹாவின் முதுகெலும்பு. ஏஸ், ஏஸ், ராஜா, ராஜா இரட்டைக் கலரில் வருவதே தொடக்கக் கைகளில் தலைசிறந்தது என்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

தொடர்ச்சியில் ஓர் இடைவெளி விழுந்தால் அது கீழ்ப்பக்கம் விழுவது நல்லது. ஜாக், 10, 9, 7 என்ற கை ஜாக், 9, 8, 7 என்ற கையைவிட அதிக முறை உச்ச ஸ்ட்ரெய்ட்டைத் தரும். 5, 4, 3, 2 போன்ற தாழ்ந்த தொடர்ச்சிகள் ஸ்ட்ரெய்ட் அமைத்தாலும் மேலே இருக்கும் ஸ்ட்ரெய்ட்டிடம் தோற்கும். அவற்றைத் தயங்காமல் மடித்துவிடுங்கள். ஒரே கலரில் நான்கும் வந்தால் மகிழ வேண்டாம்: இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மீதி இரண்டும் உங்களுக்கு வரவேண்டிய சீட்டுகளைக் கையிலேயே அடைத்துவைத்திருக்கின்றன. ஒரே எண்ணில் மூன்று வருவதும் இதே காரணத்தால் மோசமான கை.

ஏஸ் ஜோடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹோல்டமிலிருந்து வருபவர்கள் அதிகம் இழப்பது இதில்தான். ஹோல்டமில் இரண்டு ஏஸ்கள் 221 கைகளுக்கு ஒரு முறை வரும். ராஜா ஜோடிக்கு எதிராக அவை நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெல்லும். ஒமாஹாவில் குறைந்தது இரண்டு ஏஸ்களாவது உள்ள கை ஏறத்தாழ 39க்கு ஒரு முறை வரும். ஆனால் நல்ல தொடர்ச்சியும் இரட்டைக் கலரும் உள்ள கைக்கு எதிராக அதன் வெற்றி பெரும்பாலும் அறுபதுக்கு நாற்பது என்ற அளவில்தான் நிற்கும், சில வேளைகளில் அதைவிடவும் நெருங்கும். உடன் இருக்கும் இரண்டு சீட்டுகள் உதவாதவை என்றால், ஃபிளாப்புக்குப் பிறகு அது வெறும் ஒரு ஜோடி. என் கணிப்பில், ஃபிளாப்புக்கு முன்னரே உங்கள் குவியலில் மூன்றில் ஒரு பங்கையாவது உள்ளே வைக்க வாய்ப்பிருந்தால் மட்டுமே இத்தகைய ஏஸ்களைப் பலமாக ஏற்றி ஆடுவது தகும். இல்லையென்றால், குறைந்த விலையில் ஃபிளாப்பைப் பார்த்து, மூன்றாவது ஏஸோ ஏஸ் பிளஷுக்கான வழியோ வராவிட்டால் விட்டுவிடப் பழகுங்கள்.

சிறு ஜோடிகளும் அப்படியே. ஹோல்டமில் 4 ஜோடி வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் மூன்றாவது 4 வருவது கொண்டாட்டம். ஒமாஹாவில் அதே மேசையில் வேறொருவரிடம் மூன்று ஒன்பதுகளோ மூன்று ராணிகளோ இருப்பது அரிய நிகழ்ச்சி அல்ல.

மூன்றாம் படி: ஃபிளாப்பில் உச்சத்தை நோக்கி எண்ணுவது

ஆறு பேர் அமர்ந்த ஹோல்டம் மேசையில் 12 சீட்டுகள் கைகளில் இருக்கும்; ஒமாஹாவில் 24. சீட்டுக்கட்டில் ஏறக்குறைய பாதி. ஆகவே "இப்படி ஒரு கை யாரிடமாவது இருக்குமா" என்ற கேள்விக்கு ஹோல்டமில் "இருக்காது" என்பது பெரும்பாலும் சரியான பதிலாக இருந்தால், ஒமாஹாவில், அதுவும் மூன்று நான்கு பேர் உள்ளே நிற்கும்போது, "இருக்கும்" என்பதே பாதுகாப்பான பதில். மேசையில் ஆட்டின் ராணி, 8, 3. உங்களிடம் ஆட்டின் ஜாக், 6. ஹோல்டமில் இதை வைத்துக் குவியலையே தள்ளலாம். ஒமாஹாவில் இதற்குப் பெரிய பந்தயம் ஒன்று வந்து, அதன் மேல் இன்னொருவர் ஏற்றினால், மடிப்பதுதான் சரி.

சீட்டு வரக் காத்திருக்கும் கைகளிலும் இதே அளவுகோல்தான். ஒமாஹாவின் சிறப்பு, ஹோல்டமில் காணவே முடியாத பெரிய ஸ்ட்ரெய்ட் வழிகள். ஃபிளாப் 9, 8, 2. மூன்றும் வெவ்வேறு கலர். உங்கள் கை ஜாக், 10, 7, 6. எந்தெந்தச் சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட் அமையும் என்று எண்ணுங்கள்: ராணி நான்கு, 5 நான்கு, ஜாக், 10, 7, 6 ஒவ்வொன்றிலும் மூன்று. மொத்தம் 20. நீங்கள் பார்த்திருப்பது 7 சீட்டுகள், பார்க்காதவை 45. ஆகவே டர்னிலேயே அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 44, ரிவர் வரை பார்த்தால் ஏறத்தாழ 70. ஹோல்டமில் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டுகள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் எண்ணிக்கை இங்கே முடிவதில்லை. ஜாக் விழுந்தால் உங்களுடையது 10, 7 கொண்டு அமையும் ஸ்ட்ரெய்ட். ராணியும் 10உம் வைத்திருப்பவர் உங்களை வெல்வார். 10 விழுந்தாலும் ராணி, ஜாக் வைத்திருப்பவர் மேலே இருக்கிறார். ராணி, 7, 6, 5 ஆகியவை விழுந்தால் மட்டுமே உங்களுடையது உச்ச ஸ்ட்ரெய்ட். அவை 14 சீட்டுகள். ஆகவே 20 என்று கண்ட கையை 14 என்று மனத்தில் குறித்துக்கொண்டு ஆட வேண்டும். இப்படி இரண்டு எண்களையும் தனித்தனியே எண்ணும் பழக்கம்தான், என் பார்வையில், ஒமாஹா தெரிந்தவரையும் நான்கு சீட்டில் ஹோல்டம் ஆடுபவரையும் பிரிக்கும் கோடு. ஃபிளாப்பில் இரண்டு சீட்டுகள் ஒரே கலராக இருந்தால் அந்த 14உம் இன்னும் சுருங்கும்.

உச்சக் கை கையில் இருந்தும் தோற்கும் நிலை ஒன்று ஒமாஹாவில் அடிக்கடி வருகிறது. ஃபிளாப் ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 7. உங்களிடம் இஸ்பேட் ஜாக், டைமன் 10, கிளாவர் 3, இஸ்பேட் 2. இந்த நொடியில் உங்களுடையதே நட்ஸ். எதிராளியிடம் டைமன் ஜாக், கிளாவர் 10, கூடவே ஆட்டின் ஏஸ், ஆட்டின் ராஜா. அவரிடமும் அதே ஸ்ட்ரெய்ட். இரண்டு பேரும் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினால், ஆட்டின் சீட்டு ஒன்று வரும்போது, அதாவது ஐந்தில் ஏறத்தாழ இரண்டு முறை, அவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார். மற்ற நேரங்களில் கிட்டத்தட்ட எப்போதும் பாட் இருவருக்கும் பாதி பாதியாகப் பிரியும். நீங்கள் தனியாக வெல்ல ஒரு வழிகூட இல்லை. ஆகவே ஃபிளாப்பில் உச்சக் கை கிடைத்ததும் "இதிலிருந்து இன்னும் மேலே போக என் மற்ற இரண்டு சீட்டுகள் உதவுமா" என்று கேளுங்கள். உதவாது என்றால், ஏற்றிக்கொண்டே போவதை நிறுத்தி, டர்ன் சீட்டைப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. இத்தகைய நிலையில் அந்த எதிராளியின் இடத்தில் நீங்கள் இருப்பதற்காகத்தான் இரண்டாம் படியில் நான்கு சீட்டும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

நான்காம் படி: பாட் லிமிட் கணக்கு

சமன் செய்வதற்கு மேல் ஒருவர் கூடுதலாக ஏற்றக்கூடிய அதிகபட்சம், அவர் முதலில் சமன் செய்த பிறகு பாட்டில் இருக்கும் தொகை. சமன் செய்வதையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு வைக்கலாம் என்று மேசையில் விரைவாகச் சொல்ல ஒரு வழி: எதிராளி வைத்ததை மூன்றால் பெருக்கி, அதற்கு முன் பாட்டில் இருந்ததைக் கூட்டுங்கள். பாட்டில் 100 கொட்டை, எதிராளி 50 வைக்கிறார் என்றால் நீங்கள் வைக்கக்கூடிய அதிகபட்சம் 250. பிளைண்ட் 1உம் 2உம் என்றால் முதலில் ஏற்றுபவர் 7 வரை வைக்கலாம்.

வரம்பு இருக்கிறதே என்று இதை மென்மையான ஆட்டமாக எண்ணிவிடக் கூடாது. ஃபிளாப்பில் 10 கொட்டை உள்ள பாட்டில் ஒருவர் முழு அளவு வைத்து இன்னொருவர் சமன் செய்தால் 30, டர்னில் மீண்டும் அப்படி நடந்தால் 90, ரிவரில் 270. ஃபிளாப்பில் "பார்க்கலாம்" என்று சாதாரணமாக வைத்த 10 கொட்டை, நீங்கள் கட்டாயம் சந்திக்கப்போகும் இரண்டு பெரிய பந்தயங்களுக்கான முன்பணம்.

எதிராளி முழு பாட் அளவு வைத்தால், சமன் செய்ய உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பு வேண்டும். டர்னுக்குப் பிறகு பிளஷுக்காக 9 சீட்டுகள் மட்டும் இருப்பவருக்கு வாய்ப்பு 44க்கு 9, அதாவது நூற்றுக்கு 20 அளவு, அது போதாது. அதே இடத்தில் 20 சீட்டு ஸ்ட்ரெய்ட் வழி இருப்பவருக்கு நூற்றுக்கு 45. அவர் தாராளமாகத் தொடரலாம். இந்த இரண்டு எண்களை மனத்தில் பதித்துக்கொண்டால் இடைப்பட்டவற்றை மேசையிலேயே கணித்துவிடலாம்.

ஐந்தாம் படி: இடமும் கையில் அடைபட்ட சீட்டும்

கடைசியில் பேசும் இடம் ஹோல்டமைவிட ஒமாஹாவில் அதிக மதிப்புடையது, ஏனென்றால் ஒவ்வொரு புதிய சீட்டும் உச்சக் கையை மாற்றிவிடுகிறது. பிளைண்டில் அமர்ந்திருக்கும்போது நடுத்தரக் கைகளை மடித்து, பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் மட்டும் அவற்றை ஆடிப் பழகுங்கள்.

இருபத்தெட்டு ஆடுபவர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் பிடிபடும். துருப்பு ஜாக் தம் கையில் இருப்பவர், மூன்று புள்ளியுள்ள அந்தச் சீட்டு வேறு எவரிடமும் இல்லை என்ற நிச்சயத்தோடு ஆடுவதைப் போல, மேசையில் மூன்று இஸ்பேட் விரிந்திருக்கையில் இஸ்பேட் ஏஸை மட்டும் வைத்திருப்பவருக்கும் ஓர் உறுதி உண்டு: அவரிடம் பிளஷ் இல்லைதான், ஆனால் உச்ச பிளஷ் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஏஸ் பிளஷ் வேறு யாரிடமும் இருக்க முடியாது. இதை வைத்து மிரட்டி ஆடலாம். தொடக்கத்தில் இதை ஒரே ஓர் எதிராளி உள்ளே இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்; மூன்று பேர் நிற்கும் பாட்டில் யாராவது ஒருவர் ராஜா பிளஷோடு சமன் செய்துவிடுவார்.

பழகும் முறை

முதல் சில அமர்வுகளில் எல்லோருடைய சீட்டையும் திறந்தே வைத்து ஆடுங்கள். ஃபிளாப்பில் ஒவ்வொருவரும் தம் ஸ்ட்ரெய்ட், பிளஷ் வழிகளைச் சத்தமாக எண்ணட்டும். மற்றவர்கள் அதில் உச்சமல்லாதவற்றைக் கழிக்கட்டும். அடுத்த கட்டமாகச் சீட்டை மூடி ஆடி, ஒவ்வொரு பாட் முடிந்ததும் மடித்தவர்களும் தம் நான்கு சீட்டையும் காட்டட்டும். இரண்டாவது சிறந்த கையால் எத்தனை கொட்டைகள் கைமாறுகின்றன என்பதை ஒரு தாளில் குறித்துவைத்தால், எந்தப் பழக்கம் ஹோல்டமிலிருந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதிலேயே தெரியும். கொட்டைகள் கூடிக் குறையும் வேகமும் ஹோல்டமைவிட அதிகமாக இருக்கும். கைகளுக்கிடையே வாய்ப்பு வேறுபாடு குறைவு என்பதால் நன்றாக ஆடியவரும் ஒரு மாலை முழுவதும் தோற்கலாம்.

ஒமாஹா ஹை-லோ என்ற வடிவத்தில் பாட்டின் பாதி, 8க்கு மேற்படாத ஐந்து வெவ்வேறு எண்களால் அமையும் மிகத் தாழ்ந்த கைக்குப் போகும்; ஏஸ், 2 கொண்ட கைகளின் மதிப்பு அங்கே திடீரென்று உயர்ந்துவிடும். ஐந்து கைச்சீட்டு ஒமாஹாவும் இப்போது பரவலாக ஆடப்படுகிறது. அதில் இரட்டைகள் ஆறிலிருந்து பத்தாக உயர்கின்றன, உச்சமல்லாத கைகளின் மதிப்பு இன்னும் சரிகிறது. ஆகவே நான்கு சீட்டில் 20ஐயும் 14ஐயும் தயங்காமல் பிரித்து எண்ண வந்த பிறகே அதைத் தொடுங்கள்.